கமராப் பக்கம்: ஒரு விநாடி பொறுக்கச் சொல்லும் லென்ஸ்

இம்முறை கமராப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒருவர் சிட்னியில் வெண்ட்வேர்த்வில், ஒருவர் மெல்பேர்ணில் டண்டினோங், மற்றவர் ஊரைக் குறிப்பிடவில்லை. "எல்லாத்துக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லி ஒரு பெரிய சூம் லென்ஸ் தந்தார்கள். கை ஆடினாலும் படம் ஆடாது என்றார்கள். ஆனால் அவசரத்துக்கு எடுக்கிற படமெல்லாம் கலங்கி வருகிறது. பட்டனை அமத்தினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், பார்க்கிற காட்சி ஒரு பக்கம் துள்ளுகிறது. லென்ஸ் பழுதா?" இதுதான் மூன்று கடிதங்களின் சாரம்.

வெண்ட்வேர்த்வில் சகோதரியின் கடிதத்தில் மட்டும் ஒரு மனவருத்தமும் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இருந்து, 2023இல் வந்த மாற்றத்தோடு நிரந்தர வதிவிடம் கிடைத்து, கடைசியில் கணவர் குடியுரிமைப் பத்திரம் வாங்கிய நாள். மேயர் கை கொடுத்து, பத்திரத்தை நீட்டி, இருவரும் கமராப் பக்கம் திரும்புவதற்கு எல்லாமாக மூன்று விநாடி. அடுத்த பெயர் கூப்பிட்டாயிற்று. மண்டபத்தின் நடுவில் இருந்தவர் கமராவைத் தூக்கி ஒரே அமத்தாக அமத்தியிருக்கிறார். இரண்டு முகமும் இழுபட்ட ஒரு படம் வந்தது. வவுனியாவில் இருக்கும் மாமிக்கு அனுப்ப வேண்டிய படம் அது.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் லென்ஸ் பழுதில்லை. அந்த வகை லென்ஸ் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் கடையில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. லென்ஸோடு வரும் சிறு புத்தகத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கும். அதை நாங்கள் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவோம்.

இந்த லென்ஸ்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அகலக் காட்சியையும் தூரக் காட்சியையும் ஒரே குழாய்க்குள் அடக்கலாம் என்று 1992இல் 28–200 மில்லிமீற்றர் லென்ஸை வெளியிட்டது ஜப்பானின் டாம்ரோன் நிறுவனம். பயணம் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் சூம் நீள நீள வெளிச்சம் உள்ளே வருவது குறையும், கையின் ஆட்டமோ பெரிதாகத் தெரியும். 18 மில்லிமீற்றரில் கண்ணுக்கே படாத ஆட்டம் 270 மில்லிமீற்றரில் பதினைந்து மடங்காகத் தெரியும். ஆகவே இந்த லென்ஸ்களுக்குத்தான் ஆட்டத்தடுப்பு அவசரமாகத் தேவைப்பட்டது, ஆனால் அது இவற்றுக்கு வந்தது பிந்தித்தான். நிக்கோன் 1994இல் ஒரு சிறிய பிலிம் கமராவில் அதை முதன்முதலில் வைத்தது. கெனன் 1995இல் கழற்றி மாட்டும் 75–300 லென்ஸில் வைத்தது. பயண சூம்களுக்கு வர இன்னும் பத்து வருடம் எடுத்தது. 2005இல் நிக்கோனின் 18–200, 2007இல் சிக்மாவின் 18–200, அதே வருடம் டாம்ரோனின் 28–300, 2008இல் கெனனின் 18–200 என்று வரிசையாக வந்தன. 2017இல் டாம்ரோன் 18–400 வரை போய்விட்டது, அது 22 மடங்கு. நிக்கோன் இதை வீ.ஆர். என்கிறது, கெனன் ஐ.எஸ்., டாம்ரோன் வீ.சி., சிக்மா ஓ.எஸ்., சோனி ஓ.எஸ்.எஸ். என்கின்றன. பெயர்தான் வேறு, வேலை ஒன்று. இங்கே ஆட்டத்தடுப்பு என்றே எழுதுகிறேன்.

அது செய்யும் வேலை என்ன? நாங்கள் எவ்வளவு அசையாமல் நின்றாலும் மனிதக் கை விநாடிக்குப் பத்துத் தடவை அளவில் நுண்ணியதாக நடுங்கும். அதற்கு மேல் மூச்சு வாங்குவதாலும் உடம்பு சரிவதாலும் வரும் மெதுவான ஆட்டம் இருக்கிறது. லென்ஸுக்குள் இருக்கும் இரண்டு சிறிய உணர்கருவிகள், ஒன்று மேல் கீழ் சரிவையும் மற்றது இடம் வலம் திரும்புவதையும் அளக்கின்றன. ஒரு சின்னக் கணினி அந்த அளவைப் பார்த்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கணக்குப் போடும். நடுவில் இருக்கும் கண்ணாடிக் கூட்டம் ஒன்றைக் காந்தமும் மின்சுருளும் சேர்ந்து எதிர்ப்பக்கம் நகர்த்தும். டாம்ரோன் லென்ஸ்களில் மூன்று சுருள்கள், அந்தக் கூட்டம் பீங்கான் குண்டுகளின் மேல் உருளும். நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கும் பெண் இடுப்பால் செய்வதை இது கண்ணாடியால் செய்கிறது.

இனி அந்த ஒரு விநாடி. இந்த வேலை எப்போதும் நடந்துகொண்டிருந்தால் பற்றரி தாங்காது. ஆகவே கண்ணாடி வைத்த பழைய வகை டிஜிட்டல் கமராக்களில், பட்டனைப் பாதி அழுத்தும்போதுதான் ஆட்டத்தடுப்பு எழும்பும். எழும்பியதும் அதற்குச் சில வேலைகள் இருக்கின்றன. கீழே சரிந்து கிடக்கும் கண்ணாடிக் கூட்டத்தைத் தூக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். 'டிக்' என்ற சத்தமும் காட்சி துள்ளுவதும் அதுதான். உணர்கருவி தருவதில் எது உண்மையான ஆட்டம், எது சும்மா இருக்கும்போதே வரும் பிழை என்று கணினி பிரித்தறிய வேண்டும். இதே நேரத்தில் குவியம் பிடிக்கும் மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவும் அடங்கி நிலைக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும் என்று உற்பத்தியாளர்களின் கைநூல்களே சொல்கின்றன.

அந்த ஒரு விநாடிக்கு முன்னரே பட்டனை முழுதாக அழுத்தினால் கமரா மறுக்காது, படம் எடுக்கும். ஷட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி கூடத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணத்தில் கண்ணாடிக் கூட்டம் நடுவுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வும் படத்தில் விழும். ஆட்டத்தடுப்பை நிறுத்திவிட்டு எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய ஆட்டத்தை விட மோசமாகச் சிலவேளை விழும். சகோதரிக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது, பெயர் கூப்பிடும்போதே கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், மேயர் நிற்கும் இடத்தைப் பார்த்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொள்வது. காட்சி ஒட்டினதுபோல நிற்கும். அதுவரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் சிறிது நேரத்தில் அது திரும்பப் படுத்துவிடும், அடுத்த அழுத்தலுக்கு இன்னொரு விநாடி போகும். கை குலுக்கும்போது மிச்சப் பாதியை மெதுவாக அழுத்த வேண்டும், குத்தக் கூடாது. தொடர்ந்து எடுக்கும் முறையில் வைத்து மூன்று நான்கு படம் எடுத்தால் இன்னும் நல்லது. முதலாவதில் விரல் அழுத்திய ஆட்டம் இருக்கும், இரண்டாவதோ மூன்றாவதோ நன்றாக வரும். பிலிம் காலத்தில் ஒரு றோலில் 36 படந்தான் என்று எண்ணி எண்ணி எடுத்த பழக்கம் எங்கள் வயதுக்காரரை இன்னும் விடவில்லை. டிஜிட்டலில் அந்தச் சிக்கனம் தேவையில்லை.

தாமதம் எல்லாம் ஆட்டத்தடுப்பால் வருவதும் அல்ல. ஊர் குறிப்பிடாத அன்பர் எழுதியதைப் பார்த்தால் அவருடையது குவியம் தேடும் தாமதம் போலத் தெரிகிறது. "லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டுத்தான் நிற்கிறது" என்கிறார். நீட்டிய நிலையில் இந்த லென்ஸ்கள் பலவற்றின் துவாரம் எஃப் 6.3. மங்கலான மண்டபத்தில் அந்த வெளிச்சத்தில் கமரா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தேடும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குவியத்தைக் கையால் வைக்கும் நிலைக்கு மாற்றுங்கள், லென்ஸின் பக்கத்தில் உள்ள ஆட்டத்தடுப்பு ஆளியை நிறுத்துங்கள். தாமதம் போய்விட்டதா? இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

அந்த ஆளியைப் பற்றி இன்னொன்று. அதை ஒருமுறை போட்டால் போட்டபடி என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவுஸ்திரேலிய வெயிலில் அது தேவையே இல்லை. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 200, துவாரம் எஃப் 8 என்றால் ஷட்டர் 1/800 விநாடிக்குப் போகும். 270 மில்லிமீற்றரில் கூட அது போதும். மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ சன்ஷைன் நோர்த் முருகன் கோயிலிலோ வெயில் ஏறியபின் தேர் வீதிக்கு வரும்போது எடுக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள், தாமதமும் போய்விடும். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஓட்டப்போட்டிக்கும் அப்படியே. ஓடுகிற பிள்ளையோடு கமராவைத் திருப்பும்போது, நீங்கள் வேண்டுமென்று திருப்புவதையும் கை ஆட்டம் என்று எண்ணிச் சில லென்ஸ்கள் எதிர்ப்பக்கம் இழுக்கும். நீங்கள் நிறுத்திய பிறகும் காட்சி ஒரு கணம் வழுக்கிக்கொண்டு போகும். சில லென்ஸ்களில் இதற்கென்றே இரண்டாவது நிலை ஒன்று உண்டு. இல்லாவிட்டால் நிறுத்துவதுதான் வழி. முக்காலியில் வைத்து எடுக்கும்போதும் நிறுத்தும்படி பல கைநூல்கள் சொல்கின்றன. ஆட்டமே இல்லாத இடத்தில் ஆட்டத்தைத் தேடி அது தானே ஆடும்.

எங்கே பாவிக்க வேண்டும் என்றால், அசையாத காட்சிக்கும் குறைந்த வெளிச்சத்துக்கும். கட்டூம்பாவில் எக்கோ பொயின்றில் நின்று பொழுதுபடும் நேரம் மூன்று சகோதரிகள் மலையை எடுக்கும்போது, அல்லது கிரேட் ஓஷன் ரோட்டில் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளை இருட்டுகிற நேரம் எடுக்கும்போது அதன் பெறுமதி தெரியும். பழைய கணக்குப்படி 200 மில்லிமீற்றருக்கு, சிறிய சென்சர் உள்ள கமராவில், 1/300 விநாடியாவது வேண்டும். நல்ல ஆட்டத்தடுப்பு நான்கு படி இறக்கித் தரும் என்றால் 1/20இல் எடுக்கலாம். மலை ஓடாது, ஒரு விநாடி பொறுக்கலாம். சேர்க்குலர் கீயில் இருந்து மான்லி போகும் படகில் எடுக்கிறவர்கள் கம்பியில் கையை ஊன்றாதீர்கள். இயந்திரத்தின் அதிர்வு அதன் வழியாக ஏறும், அது கை நடுக்கம் போன்றதல்ல.

அரங்கேற்றம் வேறு கதை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இந்த லென்ஸ்களை அதற்கென்றே வாங்குகிறார்கள். ஆட்டத்தடுப்பு தடுப்பது கமரா பிடிக்கிறவரின் ஆட்டத்தை. ஆடுகிற பிள்ளையின் ஆட்டத்தை அது தடுக்காது. தீர்மானத்தில் கையும் காலும் தெளிவாக விழ வேண்டுமானால் 1/250 விநாடியாவது வேண்டும். எஃப் 6.3 துவாரத்தில் மேடை வெளிச்சத்தை வைத்து அதை எட்டுவதற்கு ஐ.எஸ்.ஓ.வை மிகவும் ஏற்ற வேண்டிவரும், படம் பொரி பொரியாக வரும். பின்வரிசையில் இருந்து 300 மில்லிமீற்றரில் எடுப்பதை விட, முன்னுக்கு ஒரு கதிரை கேட்டு வாங்கி, 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸால் எடுப்பது எத்தனையோ மடங்கு நல்லது. கணக்கிலும் அப்படித்தான். எஃப் 6.3ஐ விட எஃப் 1.8 பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அந்த 50 லென்ஸ் பயண சூமை விட விலையும் குறைவு. பழையதாக வாங்கினால் இன்னும் மலிவு. பிள்ளைக்கு உடுப்பு, நகை, பக்கவாத்தியம், மண்டபம் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, படத்தை மாமா ஒருவரின் பயண சூமில் விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமா கோபிக்கக் கூடாது.

இப்போது வரும் கண்ணாடியில்லாக் கமராக்களில் இந்தத் தொல்லை குறைவு. அவற்றில் சென்சர் எப்போதும் விழித்திருக்கிறது, பலவற்றில் ஆட்டத்தடுப்பும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். கைத்தொலைபேசியில் தாமதம் தெரியாததற்கும் பெரிதும் இதுவே காரணம். சில கமராக்களில் லென்ஸை விட்டுவிட்டுச் சென்சரையே அசைக்கிறார்கள். மினோல்டா 2003இல் தொடங்கிய முறை அது. ஆனால் இங்கே கவனம் வேண்டும். டாம்ரோன் 2020இல் வெளியிட்ட 28–200 லென்ஸில் ஆட்டத்தடுப்பே இல்லை, கமராவில் இருக்கிறது என்று நம்பிச் செய்தது. அதே நிறுவனத்தின் 2021ஆம் வருட 18–300 லென்ஸில் இருக்கிறது. உங்கள் கமராவின் உடலில் அந்த வசதி இல்லாவிட்டால் முதலாவதை வாங்கி ஏமாறக் கூடாது. கடைக்காரரிடம் லென்ஸைப் பற்றி மட்டும் கேட்காமல் கமராவின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

வந்து கொஞ்சக் காலமே ஆன குடும்பங்கள் பழைய லென்ஸ் வாங்குவதுதான் வழக்கம். அதில் பிழையொன்றும் இல்லை. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கடகட என்று சத்தம் கேட்கலாம். பயப்பட வேண்டாம். ஆட்டத்தடுப்பு வேலை செய்யும்போதே லென்ஸைக் கழற்றியிருந்தால் கண்ணாடிக் கூட்டம் பூட்டுப்படாமல் இருக்கும், கமராவில் மாட்டித் திரும்ப ஓடவிட்டால் சரியாகும். சிலவற்றில் எப்போதுமே சத்தம் இருக்கும். சோதிக்க வேண்டியது வேறு. லென்ஸைக் கமராவில் மாட்டி, முழுதாக நீட்டி, தெருவுக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, பட்டனைப் பாதி அழுத்துங்கள். ஒரு துள்ளல், பிறகு எழுத்துகள் ஒட்டியது போல நிற்க வேண்டும். மெல்லிய இரைச்சல் கேட்பது வழமை. இரண்டு மூன்று விநாடிக்குப் பிறகும் எழுத்துகள் அலைந்துகொண்டே இருந்தாலோ, திரும்பத் திரும்பத் துள்ளினாலோ, ஆளியைப் போட்டாலும் நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியாவிட்டாலோ அது பழுது. திருத்தும் செலவு லென்ஸின் விலைக்குக் கிட்ட வரலாம், விட்டுவிடுங்கள்.

தனியார் ஒருவரிடம் வாங்கினால் தரத்துக்குச் சட்ட உத்தரவாதம் இல்லை என்பதை மனதில் வையுங்கள். கடையில் வாங்கினால் 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று பலகை மாட்டுவதே சட்டவிரோதம். ஆனால் மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, மேலே சொன்ன ஒரு விநாடித் தாமதம் பழுதும் ஆகாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாங்கும்போது "மண்டபத்தில் நடனம் எடுக்க வேண்டும்", "பிள்ளைகள் ஓடுவதை எடுக்க வேண்டும்" என்று உங்கள் தேவையைச் சொல்லி, அதற்கு இது பொருந்தும் என்று கடைக்காரர் சொல்லித் தந்திருந்தால், அந்தத் தேவைக்கு அது பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் நீங்கள் கேட்கலாம். ஆகவே தேவையை வாயால் சொல்லுங்கள். முடிந்தால் ரசீதில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கடை இணங்காவிட்டால் நியூ சவுத் வேல்ஸில் பெயர் ட்ரேடிங், விக்ரோறியாவில் கொன்சியூமர் அபெயர்ஸ் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பேசச் சங்கடமாக இருந்தால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் மூலமாகவே பேசலாம். வெளிநாட்டில் இருந்து மலிவாக வரவழைக்கும் லென்ஸ்களுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம். நூறு டொலர் மிச்சம் பிடிக்க முன் அதையும் யோசியுங்கள்.

டண்டினோங் தம்பியின் கேள்வியில் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. வெளியில் ஒழுங்காக வேலை செய்யும் லென்ஸ், வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது மட்டும் இரண்டாவது படத்தில் ஏன் ஆட்டத்தைத் தடுக்கவில்லை என்று கேட்டிருந்தார். அவருடையது நிக்கோன் கமரா, உள்ளே பொருத்திய பிளாஷ். அந்தக் கமராக்களில் பிளாஷ் திரும்ப மின்னேறும் நேரம் ஆட்டத்தடுப்பு நின்றுவிடும், கைநூலிலேயே இருக்கிறது. பற்றரி இறங்கியிருந்தால் மின்னேற இன்னும் நேரம் எடுக்கும். பிளாஷை மூடிவிட்டு, யன்னல் திரையை விலக்கி, மேசையை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திப் பாருங்கள், தம்பி. கேக்கை வெட்டும் முன் நகர்த்துங்கள்.